ஒரே செம்பு, இரண்டு சிறை: பிரனேசியின் ‘கார்ச்செரி’ எட்சிங்குகளைப் படிக்கும் முறை

ரோம் நகரின் கோர்சோ வீதியில் கடை நடத்திய பூஷார் என்ற பிரெஞ்சுப் புத்தக வியாபாரி, 1750ஐ ஒட்டி 14 எட்சிங்குகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டார். அத்தனையும் சிறைச்சாலைகள், எந்த ஊரிலும் இல்லாத சிறைச்சாலைகள். அண்ணாந்து பார்த்தாலும் முடிவு தெரியாத வளைவுகள், எங்கே போய்ச் சேர்கின்றன என்று சொல்ல முடியாத படிக்கட்டுகள், கப்பிகள், வடங்கள், அவற்றுக்கு இடையே நகக்கண் அளவில் மனிதர்கள். முகப்புத் தாளில் வியாபாரியின் பெயர் எழுத்துப்பிழையோடு இருந்தது. வரைந்தவர் பெயர் அதில் இல்லவே இல்லை.

1761இல் அதே செப்புத் தகடுகள் மறுபடியும் அச்சேறின. இம்முறை 16 தாள்கள். ஒவ்வொன்றுக்கும் ரோமன் எண். முகப்பில் ‘வெனிஸ் கட்டடக் கலைஞர்’ என்ற அடைமொழியோடு ஜொவான்னி பத்திஸ்தா பிரனேசியின் பெயர். முன்பு வெளிச்சம் தாராளமாகப் பரவியிருந்த கூடங்களில் இப்போது இருட்டு கட்டியிருந்தது. வெறுமையாக இருந்த சுவர்களின் குறுக்கே புதிய உத்தரங்கள், பாலங்கள், சங்கிலிகள், முள் பதித்த சக்கரங்கள் வந்திருந்தன.

பத்தாண்டு கழித்து ஒருவர் தன் பழைய தகடுகளை எடுத்து ஏன் இப்படி மாற்ற வேண்டும்? இந்தச் சிறைகளுக்கு என்ன பொருள்? 250 ஆண்டுகளாக இதற்குப் பதில்கள் வந்தபடி இருக்கின்றன. காய்ச்சல் என்றார்கள், நாடக மேடை என்றார்கள், ரோமானியச் சட்டம் என்றார்கள், வியாபாரம் என்றார்கள். இந்த விளக்கங்களை ஒவ்வொன்றாக எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை. அளவுகோல் ஒன்றுதான்: ஒரு விளக்கம் தகட்டின் இரண்டு நிலைகளுக்கும் பதில் சொல்கிறதா?

தகட்டில் நடப்பது

அளவுகோலைக் கையில் எடுப்பதற்கு முன் தொழிலைத் தெரிந்துகொள்ள வேண்டும். எட்சிங்கில் கை கீறுவதோடு சரி. உலோகத்தைத் தோண்டுவது அமிலம். அடித்துச் சமப்படுத்திய செப்புத் தகட்டைக் கரியும் எண்ணெயும் வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். அதைச் சூடாக்கி, மெழுகும் பிசினும் நிலக்கீலும் கலந்த வார்னிஷை மெல்லிய படலமாகப் பூசுவார்கள். தகட்டைக் கவிழ்த்துப் பிடித்து மெழுகுவத்திப் புகை காட்டினால் படலம் கறுக்கும். கறுத்த பரப்பில் ஊசியால் வரைந்தால், வரைந்த இடமெல்லாம் செம்பு மினுங்கும். அமிலம் அந்தக் கீறல்களுக்குள் மட்டும் இறங்கி அரிக்கும்.

எவ்வளவு நேரம் அரிக்கவிடுகிறோம் என்பதில்தான் ஓவியமே இருக்கிறது. சிறிது நேரம் போதுமென்றால் கோடு ஆழமில்லாமல் சாம்பல் நிறத்தில் அச்சாகும். நேரம் கூடக்கூடப் பள்ளம் ஆழமாகி, மை அதிகம் தங்கி, கோடு கன்னங்கரேலென்று விழும். ஆகவே கைதேர்ந்தவர் தகட்டை ஒரே தடவையில் முடிப்பதில்லை. தொலைவில் இருக்கும் கட்டடங்களுக்கு வேண்டிய அளவு அரித்ததும் எடுத்துக் கழுவி, அந்தப் பகுதியை வார்னிஷால் மூடுவார், மீதியை மறுபடி அமிலத்தில் விடுவார், நடுப்பகுதியை மூடுவார், முன்பகுதியை இன்னும் விடுவார். தாளில் நமக்குத் தொலைவாகத் தெரிவது உண்மையில் அமிலத்தில் குறைந்த நேரம் இருந்த பகுதி.

பிறகு வார்னிஷை முழுக்கக் கரைத்து நீக்கி, கறுப்பு மையைப் பள்ளங்களுக்குள் புகும்படி அழுத்தித் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்துவிட்டு, நனைத்த தாளை மேலே பரப்பி, கம்பளி போர்த்தி, இரண்டு உருளைகளுக்கு நடுவே செலுத்துவார்கள். தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். படம் இடவலம் மாறி விழும். தகட்டின் விளிம்பு தாளில் ஒரு பள்ளக் கோடாகப் பதியும். பழைய பிரதிகளைக் கையில் எடுப்பவர்கள் முதலில் தடவிப் பார்ப்பது அதைத்தான்.

இந்த முறைகளை 1645இலேயே பாரிஸில் ஆப்ரகாம் போஸ் ஒரு கைந்நூலாக எழுதிவிட்டார். அதன் திருத்திய பதிப்பைக் கோஷென் 1745இல் கொண்டுவந்தார். நுனியைச் சாய்வாக வெட்டிய ஊசியைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, பியூரின் உளியால் வெட்டியது போலவே மெலிந்து தடிக்கும் கோடுகளை எட்சிங்கில் கொண்டுவருவது அந்தப் பிரெஞ்சு மரபின் பெருமை. வெனிஸில் நிலைமை வேறு. தியேப்போலோவும் கனலெத்தோவும் 1740களில் செய்த எட்சிங்குகளில் ஊசி காகிதத்தில் ஓடும் பேனாவைப் போல விளையாடியது. குறுக்குக் கோடுகள் குறைவு, வெள்ளை அதிகம்.

திருத்தம் செய்வது எப்படி என்பதுதான் நம் கேள்விக்கு மிக முக்கியம். புதிதாக ஒன்றைச் சேர்ப்பது எளிது. தகட்டின் மேல் மறுபடி வார்னிஷ் பூசி, வேண்டியதைக் கீறி, அமிலத்தில் விட்டால் முடிந்தது. அழிப்பதுதான் பெரும்பாடு. மூன்று முனைச் சுரண்டியால் கோட்டின் ஆழம்வரை செம்பைச் சீவ வேண்டும், மெருகிட வேண்டும், சீவிய இடம் குழிந்துவிடும் என்பதால் பின்பக்கத்தில் சரியான இடம் பார்த்துச் சுத்தியலால் தட்டி மேலே எழுப்ப வேண்டும். சேர்ப்பதற்கு ஒரு நாள் போதும் என்றால் அழிப்பது அதைவிடப் பல மடங்கு உழைப்பு. செம்பில் எழுதுகிறவர் கூட்டத் தயங்க மாட்டார், கழிக்கத் தயங்குவார்.

வெனிஸிலிருந்து வந்தவர்

பிரனேசி 1720இல் வெனிஸை அடுத்த மொலியானோவில் பிறந்தார். தந்தை கல்தச்சர். தாய்மாமன் மத்தேயோ லுக்கேசி, வெனிஸ் அரசின் நீர்ப்பணித் துறையில் பொறியாளர். கல்லும் சுவரும் நீரைத் தடுக்கும் பெருங்கட்டுமானமும் வீட்டுப் பேச்சாக இருந்த சூழல். 1740இல் வெனிஸ் தூதர் மார்க்கோ ஃபொஸ்கரீனியின் பரிவாரத்தில் வரைவாளராக ரோம் வந்தார். ஊர்க்காட்சிகளை எட்சிங்காக அச்சிட்டு விற்ற ஜுசெப்பே வாசியிடம் அமில வேலை கற்றார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, அமிலத்தின் இரகசியத்தை மறைக்கிறார் என்று சந்தேகப்பட்டுச் சீடர் குருவையே தாக்கப் போனார் என்றுகூட ஒரு கதை உலவியது. கதை எப்படியிருந்தாலும், அந்தத் தொழிலில் அமிலப் பக்குவம் எவ்வளவு பெரிய சொத்து என்பதை அது காட்டுகிறது.

1743இல் வெளியிட்ட முதல் தொகுப்பிலேயே ‘இருட்டுச் சிறை’ என்று ஒரு தாள் உண்டு. அதில் கோடுகள் ஒழுங்கு, பார்வைக் கோணம் ஒழுங்கு. ஒரு நல்ல மாணவரின் வேலை. அதன்பின் அவர் சில காலம் வெனிஸ் திரும்பினார். 1747 வாக்கில் மறுபடி ரோமில் குடியேறியபோது அவர் கையில் தியேப்போலோ காலத்து வெனிஸின் சுதந்திரம் ஏறியிருந்தது. ‘சிறைகள்’ என்று பொருள்படும் ‘கார்ச்செரி’ தொகுப்பின் முதல் நிலை அந்தச் சமயத்தில் பிறந்தது.

பிறகு வந்தவை வேறு வகை. ரோம் நகரக் காட்சிகளை அவர் தம் வாழ்நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தார். மொத்தம் 135 தாள்கள், ஒரு தாள் அன்றைய ரோம் நாணயத்தில் இரண்டரை பாவோலி விலை. கல்விச் சுற்றுலா வந்த ஆங்கிலேயப் பிரபுக்களின் பெட்டிகளில் அவை ஐரோப்பா முழுவதும் பரவின. 1756இல் நான்கு தொகுதிகளாக ‘ரோமானியத் தொல்பொருட்கள்’ வந்தது. அந்த நூலுக்குப் பணம் தருவதாகச் சொன்ன அயர்லாந்துப் பிரபு சார்ல்மாண்ட் கைவிட்டுவிட்டார். பிரனேசி என்ன செய்தார் தெரியுமா? முகப்புத் தகட்டில் கல்வெட்டாக வரைந்திருந்த காணிக்கை வாசகத்தைச் சுரண்டி எடுத்தார். அது போதாதென்று 1757இல் தம் நியாயத்தைக் கடிதங்களாக அச்சிட்டு வெளியிட்டார். தகட்டை அழிப்பது அவருக்குத் தெரியாத வித்தை அல்ல என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பணத்துக்கும் மானத்துக்கும் இழுக்கு வந்தால் அவர் அழிப்பார்.

இரண்டு நிலைகளையும் அருகில் வைத்தால்

தொகுப்பின் ஏழாம் தாளை எடுத்துக்கொள்வோம். நடுவே பருத்த ஒரு வட்டக் கோபுரம்; அதைச் சுற்றிப் பாம்பாக ஏறும் படிக்கட்டு; குறுக்கே தூக்குப்பாலம். முதல் நிலையில் ஊசி ஓடிய வேகம் அப்படியே தெரிகிறது. நிழல் வேண்டிய இடத்தில் ஒரே திசையில் நீண்ட சாய்கோடுகள். பல இடங்களில் அவை தாம் நிற்க வேண்டிய விளிம்பைத் தாண்டி ஓடிவிடுகின்றன. வளைவின் ஓரம் ஒரே கோடாக இல்லை. தேடித் தேடிப் போட்ட மூன்று நான்கு கோடுகள். மனித உருவங்கள் கொக்கி கொக்கியாகச் சில கிறுக்கல்கள். பின்புலம் ஏறக்குறைய வெறும் தாள்.

இரண்டாம் நிலையில் அந்தக் கோடுகளெல்லாம் அடியில் அப்படியே இருக்கின்றன. அவற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் புதிய கோடுகள் ஏறி நிழலை இருட்டாக்குகின்றன. முன்னால் ஆழ அரித்த உத்தரங்கள் கறுத்து நிற்கின்றன. வெறும் தாளாக இருந்த பின்புலத்தில் புதிய பாலங்களும் மாடங்களும் முளைத்து, அவற்றின் மேல் இன்னும் சிறிய மனிதர்கள். சில இடங்களில் மெருகிட்டு வெளிச்சம் மீட்டிருக்கிறார். ஆனால் மொத்தக் கணக்கில் கூட்டல் மிக அதிகம், கழித்தல் சொற்பம்.

பதினாறாம் தாளில் மாற்றம் இன்னும் பெரிது. புதிதாக வந்த கல்தூணில் லத்தீன் வாசகங்கள் ஏறியிருக்கின்றன. குற்றத்துணிவு பெருகிய காலத்தில் மக்களை அச்சுறுத்த ரோமின் நடுவே சிறை கட்டப்பட்டது என்று வரலாற்றாசிரியர் லிவி எழுதிய செய்தியை நினைவூட்டும் சொற்களும் அவற்றுள் உண்டு. 1761இல் புதிதாகச் சேர்ந்த இரண்டு தாள்களில் ஒன்றான இரண்டாம் தாளில் ஒருவனைச் சித்திரவதைப் பலகையில் இழுக்கிறார்கள். சுற்றிலும் ரோமானியப் பேரரசர் நீரோவின் கொடுமைக்குப் பலியானவர்களின் பெயர்கள்.

நான்கு விளக்கங்கள்

முதல் விளக்கம் காய்ச்சல். 1821இல் வந்த ‘அபின் உண்ணும் ஆங்கிலேயனின் வாக்குமூலம்’ நூலில் தாமஸ் டி குவின்சி இந்தப் படங்களை விவரிக்கிறார்: சுரவேகத்தில் கண்ட கனவுகளை வரைந்தார், படிக்கட்டுகளில் பிரனேசியே முடிவில்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறார் என்று. டி குவின்சி படங்களைப் பார்த்து எழுதவில்லை. கவிஞர் கோல்ரிட்ஜ் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்டு எழுதினார்; தொகுப்பின் பெயரையும் ‘கனவுகள்’ என்று மாற்றிவிட்டார். ஆனால் அந்தப் பக்கம் அவ்வளவு அழகாக அமைந்துவிட்டதால், மேதைமையும் சுரமும் கலந்த பிரனேசி 19ஆம் நூற்றாண்டு முழுக்க நிலைத்துவிட்டார். 20ஆம் நூற்றாண்டில் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் மார்கெரித் யூர்செனாரும் மன உலகின் வரைபடமாக இச்சிறைகளைப் படித்ததற்கும் வேர் அங்கேதான். தகடு இதை ஏற்கவில்லை. பல கட்ட அரிப்பு என்பது கடிகாரத்தைப் பார்த்துச் செய்யும் வேலை. அதிலும் பத்தாண்டு கழித்து எடுத்த தகட்டைத் திட்டமிட்டு இருட்டாக்கி, எண்ணிட்டு, முகப்பில் பெயர் பொறித்து விற்றவரைச் சுரம் கண்டவர் என்று சொல்ல வழியில்லை.

இரண்டாவது, நாடக மேடை. இதற்கு வலுவான ஆதாரம் உண்டு. சிறைக்காட்சி அன்றைய இத்தாலிய ஆப்பெராவில் வழக்கமான அமைப்பு. மேடையை நேருக்கு நேர் காட்டாமல் மூலைக்கோணத்தில் திருப்பிக் காட்டும் முறையைப் பிபியேனா குடும்பத்தார் பரப்பியிருந்தார்கள். ஃபெர்தினாந்தோ பிபியேனாவின் நூல் 1711இலேயே வந்துவிட்டது. யுவாரா வரைந்த சிறை மேடைகளும், தானியேல் மாரோவின் சிறை எட்சிங்கும் பிரனேசிக்கு முன்னோடிகள். முதல் நிலையை இது நன்றாக விளக்குகிறது: காலி மேடையின் விசாலம், மூலைக்கோணம், சிரமமில்லாத கை. 1761இன் லத்தீன் வாசகங்களையும் நீரோவையும் இதனால் விளக்க முடியாது.

மூன்றாவது, ரோமானியச் சட்டம். மௌரிட்ஸியோ கால்வேசி உள்ளிட்ட இத்தாலிய அறிஞர்கள் முன்வைத்த வாசிப்பு இது. 1750களின் பிற்பாதியில் கிரேக்கக் கலையே மூலம், ரோம் வெறும் நகல் என்ற குரல் ஓங்கியது. கலை வரலாற்றாசிரியர் விங்கெல்மனின் கட்டுரை 1755இல் வந்தது. லெ ருவாவின் கிரேக்க இடிபாடுகள் நூல் 1758இல். பிரனேசி கொதித்தெழுந்து 1761இல் ‘ரோமானியரின் மாண்பு’ குறித்துத் தடித்த நூல் ஒன்றை வெளியிட்டார். சிறைகளின் புதிய பதிப்பும் அதே ஆண்டு. அப்படியானால் அந்த வாசகங்கள் ரோமானிய நீதியின் கடுமையையும் தொன்மையையும் பறைசாற்றுபவை. நீரோ அந்த நீதி சீரழிந்ததற்குச் சாட்சி. வாதம் பொருந்துகிறது, ஆனால் இரண்டாம் நிலைக்கு மட்டும். முதல் நிலையில் லிவியும் இல்லை, நீரோவும் இல்லை. இதே வரிசையில், சித்திரவதைக்கு எதிரான அறிவொளிக்காலக் குரலாக இத்தாள்களைப் படிப்பவர்களும் உண்டு. அவர்கள் துணைக்கு அழைக்கும் இத்தாலியச் சட்ட அறிஞர் பெக்காரியாவின் நூல் வந்தது 1764இல். தகடுகள் அதற்கு மூன்றாண்டு மூத்தவை.

நான்காவது, சந்தை. 1761இல் பிரனேசி திரினித்தா தெய் மோந்தி தேவாலயத்துக்கு அருகே தொமாத்தி மாளிகையில் குடியேறி, சொந்தமாக அச்சகமும் விற்பனையும் தொடங்கினார். இனி இடைத்தரகர் இல்லை. கைவசம் 14 தகடுகள். செம்பு மலிவான பொருள் அல்ல. பெயரில்லாத இளமைக்கால வேலையைத் தம் புகழுக்கேற்ற சரக்காக்க அவற்றை மாற்ற வேண்டியிருந்தது. இரண்டு தாள் கூட்டி, எண்ணிட்டு, பெயர் பொறித்தால் புதிய தொகுப்பு தயார். ஏன் அந்த ஆண்டு, ஏன் அந்தத் தகடுகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. ஆனால் ஏன் இந்த உருவம் என்பதற்குச் சந்தை பதில் சொல்லாது. கோடுகளைச் சற்று ஆழப்படுத்தியிருந்தாலே விற்பனைக்குப் போதும்.

நடக்க முடியாத படிக்கட்டுகள்

இங்கே இன்னொரு புதிரைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிறைகளின் வெளி கணக்குக்கு அடங்காது. முன்தூணோடு ஒட்டிய படிக்கட்டு மேலே போகும்போது பின்தூணில் போய்ச் சேர்கிறது. பாலத்தின் ஒரு முனை நமக்கு அருகில், மறுமுனை இருக்கவே முடியாத தொலைவில். பதினான்காம் தாளின் இந்த முரணை 1958இல் உல்யா ஃபோக்ட்-கோக்னில் விரிவாக ஆராய்ந்தார். திரைப்பட மேதை ஐசன்ஸ்டைன் இத்தாள்களில் உருவங்கள் வெடித்துச் சிதறுவதைக் கண்டார். கட்டடக்கலை வரலாற்றாசிரியர் மன்ஃப்ரேதோ தஃபூரி, நவீன நகரத்தின் நம்பிக்கையின்மை இங்கே தொடங்குவதாக எழுதினார்.

என் கருத்து, இந்தக் குழப்பத்தில் ஒரு பெரும் பங்கைச் செம்பே செய்திருக்கிறது. முதல் நிலையில் பிரனேசி முன்வரைவை நம்பியதைவிடத் தகட்டின் மேலேயே அதிகம் யோசித்தார். ஹாம்பர்க் அருங்காட்சியகத்திலும் பிற இடங்களிலும் உள்ள அவருடைய வரைவுகள் பெரும்பாலும் சில வீச்சுகள்தான். அப்படித் தகட்டிலேயே தேடித் தேடிப் போட்ட கோடுகளில் பார்வைக் கோணம் அங்கங்கே நழுவியிருந்தது. வெளிச்சமும் வெறுமையும் அதை மறைத்தன. 1761இல் அந்த இளகிய கட்டுமானத்தின் மேல், நன்கு தேர்ந்த கையால் கனத்த உத்தரங்களையும் பாலங்களையும் ஏற்றினார். முந்தைய வெளி இவற்றைத் தாங்குவதற்காக வரையப்பட்டதல்ல. பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தால் முரண் தீர்ந்திருக்கும். சார்ல்மாண்ட் விஷயத்தில் சுரண்டியவர் இங்கே பெரும்பாலும் சுரண்டவில்லை. உழைப்பை மிச்சம்பிடிக்க மட்டும் என்று இதைச் சொல்லிவிட முடியாது; முரண் அவருக்குப் பிடித்துப்போயிருக்க வேண்டும். ரோமானிய இடிபாடுகளை அளந்து அளந்து வரைந்தவர், ஒரு காலத்தின் சுவர் மேல் மறுகாலத்தின் சுவர் ஏறி நிற்பதைத் தினமும் பார்த்தவர். தகட்டின் இயல்பும் கண்ணின் பழக்கமும் இங்கே ஒன்றாகக் கைகோத்தன.

தகடுகளின் பின்கதை

1778இல் பிரனேசி இறந்தபோது, கிட்டத்தட்ட ஆயிரம் தகடுகளை விட்டுச்சென்றார். மகன் ஃப்ரான்செஸ்கோ அவற்றை 1799இல் பாரிஸுக்குக் கொண்டுபோய் அச்சிட்டார். பின்னர் ஃபிர்மான் தீதோ நிறுவனம் அச்சிட்டது. 1839இல் போப் பதினாறாம் கிரெகோரி வாங்கி ரோமுக்கு மீட்டார். இன்று அவை ரோமின் அரசு அச்சோவிய நிறுவனத்தில் உள்ளன. ஒவ்வொரு அச்சுக்கும் உருளை தகட்டை அழுத்துவதால் கோடுகள் தேயும். ஆகவே பிற்காலப் பிரதிகள் வெளிறியோ, அதை ஈடுகட்ட மை அதிகம் விட்டுத் துடைக்கப்பட்டோ இருக்கும்.

ஒரு விளைவை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். முதல் நிலையை இனி எவரும் அச்சிட முடியாது. அந்தச் செம்பு 1761இலேயே வேறாகிவிட்டது. பூஷார் கடையில் விற்ற காகிதங்களே அதற்கு எஞ்சிய ஆதாரம். அவற்றை இனம்காண்பது தனிக் கலை: தாளை வெளிச்சத்தில் பிடித்து வட்டத்துக்குள் லில்லி மலர் போன்ற நீர்க்குறிகளைப் பார்ப்பது, எண்கள் உண்டா என்று பார்ப்பது, ஒரு கீறல் ஒரு பிரதியில் இருந்து இன்னொன்றில் இல்லாததை ஒப்பிடுவது. வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் ஆண்ட்ரூ ராபிசன் இப்படிப் பிரதி பிரதியாகப் பார்த்து 1986இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகுதான் எந்தக் கோடு எந்தக் காலத்தது என்று நிதானமாகப் பேச முடிந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட பெரும்பாலான விளக்கங்கள் எளிதில் கிடைத்த இரண்டாம் நிலையை மட்டும் பார்த்து எழுதப்பட்டவை. கோல்ரிட்ஜின் இருண்ட பிரனேசி அந்தப் பிரதிகளின் பிரனேசி.

முடிவாக

நான்கு விளக்கங்களில் காய்ச்சலைத் தள்ளிவிடலாம். மேடை முதல் நிலைக்கும், சட்டம் இரண்டாம் நிலைக்கும், சந்தை இரண்டுக்கும் இடையிலான தருணத்துக்கும் பொருந்துகின்றன. இவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒரே தகட்டின் வெவ்வேறு அடுக்குகளைப் பற்றியவை. அவற்றை இணைக்கும் கண்ணி தொழில்நுட்பம்: கூட்டுவது எளிது, கழிப்பது கடினம் என்ற செம்பின் நியதி. முப்பதை எட்டும் இளைஞரின் விளையாட்டையும் நாற்பதைத் தாண்டியவரின் வாதத்தையும் ஒரே சுவருக்குள் அடைத்தது அந்த நியதி. எனவே ‘கார்ச்செரி’யின் பொருள் குறித்து யார் எதைச் சொன்னாலும், அவர் பேசுவது எந்த நிலையைப் பற்றி என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. பாதி சர்ச்சைகள் அந்த ஒரு கேள்வியிலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதியைப் பற்றித்தான் உண்மையில் விவாதிக்க வேண்டியிருக்கிறது.